எண்ணெய்த் துணி

முன்சக்கரங்களை மாட்டி, கடைசி நட்டை இறுக்கி, அப்பா பெடலை மிதித்துப் பார்த்துத் தலையாட்டியதோடு போன வாரம் கதை நின்றது. அந்தத் தலையாட்டலை நம்பி நன்றாகத் தூங்கிவிட்டேன். மறுநாள் நடந்ததை இப்போது சொல்லவேண்டும். நடந்த வரிசையிலேயே சொல்லப் பார்க்கிறேன். சில இடங்களில் பயம் வரிசையைக் கலைத்திருக்கலாம்.

அன்று அக்காவை அழைத்து வரும் நாள். ஆன்சி அக்காவை எண்ணூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. ஏழாம் மாதம். தலைப்பிரசவம் எங்கள் வீட்டில். அக்கா வீட்டுக்காரர் பெனிட்டோ மாமா ஒருமுறை எங்கள் பழைய பியட்டைச் சுற்றி வந்து, "இது ஓடுமா, இல்ல தள்ளிக்கிட்டே வருவீங்களா?" என்று சிரித்தார். அன்றிலிருந்து அப்பாவுக்கு ஒரே பிடிவாதம். மகளை அழைத்து வந்தால் அந்தப் பியட்டில்தான். தேய்ந்துபோன பிரேக் ஷூக்களை மாற்றும் வேலை அப்படித்தான் கிளம்பியது. நானே மாற்றுகிறேன் என்று சொன்னதும் நான்தான். பாலிடெக்னிக் மாலை வகுப்பில் ஒருமுறை மாற்றியிருக்கிறேன். அது மேஜைமேல் இருந்த டிரம். அதை நம்பி யாரும் உட்கார்ந்து போகவில்லை.

அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பானெட்டின்மேல் கை வைத்து ஜெபம் பண்ணினார். கண்ணைத் திறந்ததும் என்னைப் பார்த்தார்.

"போலாம்லா?"

"போலாம்ப்பா. புது ஷூ, உரசி உரசித்தான் செட் ஆகும். முதல் ரெண்டு மூணு நாள் கொஞ்சம் முன்னாடியே மிதிங்க."

நான் படித்ததைத்தான் சொன்னேன். அது பொய்யும் இல்லை.

வண்டி தெருமுனை திரும்பிய பிறகு அம்மாவும் நானும் கடையைத் திறந்தோம். திருவொற்றியூரில் எங்களுடையது இரும்புச் சாமான் கடை. கீல், தாழ்ப்பாள், சங்கிலி, கொக்கி. கடலுக்கும் கடைக்கும் நடுவில் இரண்டு தெருக்கள்தான். இந்தக் காற்றில் ஒரு வாரம் சும்மா வைத்த ஆணி கூடச் சிவந்துபோகும். அதனால் இங்கே இரும்பு வைத்திருக்கிற எந்த வீட்டிலும் ஓர் எண்ணெய்த் துணி இருக்கும். தையல் மெஷின், கத்தரிக்கோல், கேட் தாழ்ப்பாள், சைக்கிள் ரிம் எல்லாவற்றையும் ஒரு இழுப்பு இழுத்து வைப்பார்கள். அம்மாவின் துணி மெஷின் எண்ணெயில் ஊறிக் கறுத்து ஒரு டப்பாவில் இருக்கும். காலையில் கடை திறந்ததும் அவள் கை தானாக அந்த டப்பாவுக்குப் போகும்.

ஒரு மணி நேரம் கழித்து முதல் ஆளாகக் குமாரவேல் வந்தார். விசைப்படகு வைத்திருப்பவர். ஒரு கொக்கியை எடுத்துப் பார்த்துவிட்டு லுங்கியில் கையைத் துடைத்தார்.

"இன்னாக்கா, கொக்கிக்குத் தலைக்கு எண்ணெ தேச்சி வுட்டுகிற? புட்சா கையில நிக்க மாட்டுது, வழுக்கினு போவுது."

"துருப் புடிச்சத குடுத்தா நாளைக்கு ஏங்கிட்ட சண்டைக்கு வருவீரு," என்றாள் அம்மா, துணியை விடாமலே. "எங்கடையில இரும்புன்னு வந்தா எண்ணெ படாம உள்ள போவாது. எம்மவ காரு சாமானையே நான் விடல. பெட்டியத் தொறந்து தொடச்சில்லா வச்சேன்."

நான் கொக்கிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை நின்றுபோனது.

"எந்தச் சாமான்மா?"

"அதாம்ட்டி, பிறை மாரி வளைஞ்சிருக்குமே. மொதல்ல வந்த பெட்டி. மழைக்குள்ள கெடந்துல்லா, ஓரத்துல லேசா செவப்புத் தட்டியிருந்திச்சு."

"எங்க தொடச்ச? இரும்புலயா, அதுமேல ஒட்டியிருக்கறதுலயா?"

"எல்லாத்துலயுந்தான். ஒருநாளா ரெண்டுநாளா? இந்தப் பக்கம் வாரப்பல்லாம் ஒரு தொடை தொடச்சேன். நல்லாக் குடிச்சிக்கிட்டு அது. ஏட்டி, என்ன மூஞ்சி இப்படிப் போவுது?"

பிரேக் டிரம் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புக் கிண்ணம். பெடலை மிதித்தால் உள்ளே இருக்கும் இரண்டு ஷூக்கள் விரிந்து கிண்ணத்தின் சுவரில் உரசும். அந்த உரசலில்தான் வண்டி நிற்கிறது. ஷூவின் முதுகில் இருக்கும் லைனிங் உரசுவதற்காகவே செய்தது. அதில் எண்ணெய் பட்டால் உறிஞ்சிக்கொள்ளும். மேலே துடைத்தால் காய்ந்ததுபோல இருக்கும். மிதித்து மிதித்துச் சூடேறும்போது உள்ளே போன எண்ணெய் வெளியே வரும். பிறகு அது உரசாது. வழுக்கும்.

முதலில் வந்த பெட்டி முன்சக்கர ஷூ. பின்சக்கர ஷூவை வேலை செய்த அன்றுதான் என் தோழி பவானி நேராக வாங்கி வந்தாள். இரண்டையும் அருகருகே வைத்தபோது முன்சக்கரத்துடையது கறுப்பாக இருந்ததைப் பார்த்தேன். வேறு தயாரிப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பவானியிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் இதுகூடத் தெரியாதா என்பாளோ என்று கேட்கவில்லை. தெருவில் ஓட்டிப் பார்த்தபோது பிரேக் மந்தமாகப் பிடித்தது. செட் ஆகவில்லை, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்பாவுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டும்போது அவர் போனை டாஷ்போர்டு டப்பாவில் போட்டு மூடிவிடுவார்.

அக்காவுக்குப் போட்டேன். எடுத்தது அவள் மாமியார்.

"ஆன்சியா? போன வச்சிட்டே போயிட்டாம்மா. இப்பத்தான் கெளம்புனாவ. ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கன்னேன், நிக்கவே மாட்டேன்னுட்டா. பெனிட்டோ ஷிப்ட் முடிஞ்சி வரட்டும்னு சொன்னாலும் கேக்கல."

"அத்தை, கொஞ்சம் கேளுங்க. அந்த வண்டியில பிரேக் சரியாப் பிடிக்காது. யாரையாவது பைக்ல பின்னாடியே அனுப்பி நிறுத்தச் சொல்லுங்க. யாரா இருந்தாலும் சரி."

"ஐயோ, கர்த்தரே. பெனிட்டோவுக்கே சொல்லுதேன்."

போனை வைத்தபோது குமாரவேல் கொக்கியைக் கல்லாமேல் வைத்துவிட்டு நின்றிருந்தார். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. துணியைப் பிடித்திருந்த கை மட்டும் டப்பாவுக்கும் மேஜைக்கும் நடுவில் எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றது.

"நான் நல்லதுக்குத்தானட்டி…"

"ம்மா, இப்ப வேண்டாம்."

பவானி அடுத்த தெருவில்தான் இருக்கிறாள். என்னோடு மாலை வகுப்பில் படிப்பவள், மீன்பிடிக் குடும்பம். விஷயத்தை நான் சொல்லி முடிப்பதற்குள் ஸ்கூட்டரோடு வாசலில் நின்றாள்.

"ஷூல எண்ணெயா? உங்கம்மா இன்னாடி, அத்த வச்சி மீனு வறுக்கலாம்னு பார்த்துதா? ஏறு, ஏறு."

"பவானி, விளையாடாத."

"வெளையாடல. பயத்துல வாய் அதுவா பேசுது. ஏறு."

வண்டி கிளம்பியது. அவள் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பின்னாடி ஷூ நல்லாத்தான கீது?" என்று திரும்பாமல் கேட்டாள்.

"அது நல்ல ஷூ. ஆனா நிறுத்தற வேலையில பெரும்பங்கு முன்சக்கரம்தான்."

"கைப்பிரேக்கு பின்னாடிதான புடிக்கும்?"

"ஆமா."

"அப்போ நைனா சமாளிச்சிக்கும். வயசானவரு, ஓட்டைக் காரையே ஓட்டினு இருந்தவரு."

அவள் எனக்காகச் சொல்கிறாள் என்று தெரிந்தது. இருந்தாலும் பிடித்துக்கொண்டேன்.

எண்ணூரிலிருந்து வர இரண்டு வழி. ஒன்று உள்ரோடு: கடைகள், பஸ், ஸ்பீடு பிரேக்கர், மேம்பாலம். இன்னொன்று கடலோர ரோடு: நேராக இருக்கும், ஆனால் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் டிரெய்லர்கள் முழுக்க அதில்தான். எந்த வழி என்று பவானி கேட்டாள். தப்பான வழியைச் சொன்னால் அவர்கள் எங்களைக் கடந்து போய்விடுவார்கள். எங்களுக்குத் தெரியவும் தெரியாது.

வயிற்றுப்பிள்ளைக்காரியை ஸ்பீடு பிரேக்கரில் தூக்கிப் போட அப்பாவுக்கு மனம் வராது என்று யோசித்தேன். சரியா என்று தெரியவில்லை. "கடலோரம்," என்றேன். சொன்ன உடனே உள்ரோடுதானோ என்று தோன்றியது. பவானி அதற்குள் திரும்பிவிட்டாள்.

மணலித் தொழிற்சாலைப் பக்கத்துக் காற்று அன்றைக்குக் கடுமையாக இருந்தது. எதிர்ப்பக்கத்தில், கடலை ஒட்டி, டிரெய்லர்கள் வரிசையாக நின்றிருந்தன. ஒன்றும் நகரவில்லை. டிரைவர்கள் இறங்கி டயர் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசை எர்ணாவூர் தாண்டியும் நீண்டது. கடைசி டிரெய்லரைக் கடந்தபோது அதன் பின்பக்கம் கண்ணில் பட்டது. பியட்டின் கண்ணாடி உயரத்துக்குச் சரியாக ஓர் இரும்புச் சட்டம். அதற்குமேல் நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அதற்கு அப்பால் ரோடு லேசாக வளைகிறது. வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு நிற்கிற வரிசை கடைசி நேரத்தில்தான் தெரியும்.

வளைவைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் பவானி சொன்னாள். "அதோ. உங்க வண்டி."

க்ரீம் நிறம். வெயிலில் சின்னதாக வந்துகொண்டிருந்தது. வேகம் அதிகம் இல்லை. பின்னால் ஒரு டேங்கர் ஹாரன் அடித்தபடி ஒட்டி வந்தது. பியட்டின் முன்சக்கரத்துப் பக்கம் நீலமாகப் புகை.

பவானி ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் குதித்துவிட்டேன். நடுத்தடுப்பின்மேல் ஏறித் துப்பட்டாவைக் கழற்றி ஆட்டினேன். 'நில்லுங்க' என்று கத்த வாயெடுத்தேன். நிற்க முடியாத வண்டியைப் பார்த்து எப்படி நில்லென்று சொல்வது? "லெஃப்ட்ல இறக்குங்க, மணல்ல இறக்குங்க," என்று கத்தினேன். அது அவர் காதில் விழுந்ததா என்று இன்றுவரை அவரிடம் கேட்கவில்லை.

வண்டி என்னைக் கடந்தது. அப்பாவின் முகத்தை ஒரு கணம் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பின்சீட்டில் அக்கா. ஒரு கை வயிற்றில், இன்னொரு கை முன்சீட்டின் முதுகில்.

எஞ்சின் சத்தம் திடீரென்று உயர்ந்தது. கியரைக் குறைக்கிறார் என்று புரிந்தது. வண்டியின் மூக்கு வலப்பக்கம், தடுப்பை நோக்கி இழுத்தது. இடது முன்சக்கரம் வழுக்கினால் அப்படித்தான் இழுக்கும். வகுப்பில் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுப் படித்திருக்கிறேன். அந்த அம்புக்குறியில் அப்பாவும் அக்காவும் இல்லை.

வளைவு வந்தது. அதற்கப்புறம் அந்த டிரெய்லர்.

அப்பா ஸ்டியரிங்கை முழுக்க இடப்பக்கம் ஒடித்தார். அலைத்தடுப்புக் கருங்கற்களுக்கு நடுவில் படகு ஏற்றி இறக்க ஓர் இடைவெளி விட்டிருக்கிறார்கள். பியட் அந்த இடைவெளிக்குள் இறங்கியது. மணலில் முன்சக்கரம் புதைந்து, பின்பக்கம் ஒருமுறை எழும்பி, கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பைபர் படகுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. டேங்கர் ஹாரனை விடாமல் போய்க்கொண்டே இருந்தது.

ரோட்டை எப்படிக் கடந்தேன் என்பது நினைவில் இல்லை. பவானி என் கையைப் பிடித்திருந்தாள் என்பதை அவள் பிறகு சொல்லித்தான் தெரியும்.

அக்கா கதவைத் திறந்து தானே இறங்கினாள். வெளுத்திருந்தாள்.

"அக்கா, வலிக்குதா? எங்கயாவது இடிச்சதா?"

"இல்ல. உள்ள உதைக்குது. நல்லாத்தான் இருக்கு." கருங்கல் ஒன்றில் உட்கார்ந்து பவானி கொடுத்த தண்ணீரைக் குடித்தாள்.

அப்பா இறங்கவில்லை.

"மக்கா," என்றார். "கைய எடுக்க முடியல."

இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இறுகியிருந்தன. நான் ஜன்னல் வழியாகக் கையை விட்டு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது. என் தப்பை அப்போதே சொல்லிவிட்டேன். அம்மா துணி, கறுத்த லைனிங், நான் கேட்காமல் விட்டது, எல்லாம். அவர் கேட்டாரா என்பதே சந்தேகம்.

"எண்ணூர் சிக்னல்லயே தெரிஞ்சிட்டு," என்றார். "மிதிச்சேன், நிக்காம நவண்டுட்டே போவுது. கைப்பிரேக்கப் போட்டுத்தான் நிறுத்துனேன்."

"அப்புறமும் ஏம்ப்பா வந்தீங்க? அங்கயே நிறுத்தியிருக்கலாமே."

அப்பா மெல்ல இறங்கி அக்காவைப் பார்த்தார். "திரும்பிருவோம், மாப்பிள்ளை வந்த பொறவு வேற வண்டி புடிச்சிப் போலாம்னுதான் சொன்னேன். இவதான் கேக்கல. மெதுவாப் போனாப் போயிரலாம்ப்பா, திரும்பாதீங்கன்னு."

அக்கா தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். மூடிய பிறகும் திருகினாள்.

பவானி முன்சக்கரத்துப் பக்கம் குனிந்தாள். "கிட்ட வராதடி, அடுப்பு மாரி கீது. ஆறட்டும். டிரம்மக் கழட்டி லைனிங்க பெட்ரோல்ல கழுவிப் பாப்போம். உருட்டினே வூட்டாண்ட போயிடலாமா?"

"கழுவினாலும் போகாது. உள்ள ஊறிடுச்சு. திறந்து பார்த்தாத்தான் எவ்வளவுன்னு தெரியும்."

வீல் ஸ்பேனர் எடுக்க டிக்கியைத் திறந்தேன்.

பிரசவத்துக்கு வருகிறவள் பையில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மாவும் நானும்தான் பேசி வைத்திருந்தோம். நைட்டி, பழைய சேலை, ஆஸ்பத்திரி பைல். டிக்கியில் தையல் மெஷினின் தலைப்பாகம் போர்வையில் சுற்றி இருந்தது. இஸ்திரிப் பெட்டி. மிக்ஸி ஜார். கல்லூரிச் சான்றிதழ்கள் வைக்கும் அவளுடைய பச்சைப் பெட்டி. கல்யாணத்தன்று சர்ச்சில் கொடுத்த பைபிள். சுவரில் மாட்டியிருந்த கடிகாரம்கூட ஒரு தலையணை உறைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. கைவிட்டு உருவி எடுத்தேன்.

நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாக்குத் தெரியுமா?" என்று மெல்லக் கேட்டேன்.

"சாமான் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கேன்னு கேட்டாங்க. குழந்தைக்குன்னு சொன்னேன்." குரலை இன்னும் தாழ்த்தினாள். "அவரு வர்றதுக்குள்ள கிளம்பணும்னு பாத்தேன், பெனிஷா. வண்டி நிக்காதுன்னு தெரிஞ்சப்ப பயமாத்தான் இருந்துச்சு. ஆனா திரும்புறதவிடப் பயமா இல்ல."

போனில் அத்தையிடம் நான் சொன்னது நினைவுக்கு வந்தது. யாரா இருந்தாலும் சரி. அதை அவளிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பாவின் குரல் கேட்டது. அன்று முதல்முறையாக அதில் தெம்பு இருந்தது.

"நல்ல வேளை. மாப்பிள்ளையே வந்துட்டாவ."

எண்ணூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு பைக் வேகம் குறைத்து, கற்களின் இடைவெளியில் மணலுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. அப்பா கையை உயர்த்தி ஆட்டினார். பெனிட்டோ மாமா ஹெல்மெட்டைக் கழற்றாமலே எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு திறந்து கிடந்த டிக்கியைப் பார்த்தார்.

அக்கா கல்லிலிருந்து எழுந்தாள். ஓடவில்லை. வயிற்றைத் தாங்கிக்கொண்டு மணலில் நடந்து, இன்னும் புகைந்துகொண்டிருந்த பியட்டின் பின்சீட்டில் போய் உட்கார்ந்தாள். கண்ணாடிகளை ஏற்றினாள். கைநீட்டி நான்கு கதவுகளையும் உள்ளேயிருந்து பூட்டிக்கொண்டாள்.

"ஏட்டி ஆன்சி, வெயில்ல என்னத்துக்கு உள்ள போயி இருக்க?" அப்பா சிரிக்க முயன்றார். "பயந்துட்டா மாப்ள. அதான்."

பெனிட்டோ மாமா பைக்கை நிறுத்திவிட்டு வண்டியை நோக்கி நடந்தார். அவர் வரும் வழியில் நான் நின்றிருந்தேன். விலகவேண்டும் என்று தோன்றியது. கால் நகரவில்லை. பவானி சத்தமில்லாமல் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பெனிஷா," என்றார் அப்பா. அவர் பார்வை என் கைக்கு வந்திருந்தது. "அந்த ஸ்பேனரக் கீழ வையி."

நான் வைக்கவில்லை.